ஆம்பியன்ட் அல்பங்களுக்கு வரும் விமர்சனங்கள்: காசு கொடுப்பவருக்கு உதவுமா?

'கனவு போல', 'பனிமூட்டம் போல': ஆம்பியன்ட், அதாவது சூழலோடு கலந்து மெல்ல ஒலிக்கும் இசை, அல்பங்களுக்கு வரும் பெரும்பாலான விமர்சனங்கள் இதோடு முடிந்துவிடுகின்றன. இந்த வரிகளை எந்த அல்பத்துக்கும் ஒட்டலாம். இசைக் கலைஞர் பிரையன் ஈனோவின் 1978ஆம் ஆண்டு 'மியூசிக் ஃபார் எயார்போர்ட்ஸ்' அல்பத்தில் இரண்டாவது ட்ராக்கை எடுங்கள். ஒவ்வொரு குரல் சுரமும் முனைகள் ஒட்டப்பட்டு மீண்டும் மீண்டும் ஓடும் தனித்தனி ஒலிநாடாச் சுருளில் சுற்றுகிறது. ஒரு சுருள் ஒருமுறை சுற்ற 23 செக்கனுக்குச் சற்று மேல், இன்னொன்று ஏறக்குறைய 26 செக்கன். நீளம் ஒத்துப்போகாததால் சேர்க்கை மாறிக்கொண்டே போகும். இதைச் சொன்னால் எதைக் கவனிப்பதென்று காதுக்குப் பிடிபடும்.

கேட்கும் இடத்தைப் பற்றி இந்த விமர்சனங்களில் மூச்சே இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகும் காலி வீதியின் பக்கத்து ஜன்னல் வழி வரும் இரைச்சலும் ஃபேன் சத்தமும் சேர்ந்தால் மெல்லிய பகுதிகள் காணாமற்போகும். போன் ஸ்பீக்கரில் அடிநாதம் வராது. சில எம்பி3 கோப்புகளில் ட்ராக்குகளுக்கிடையே விழும் சிறு மௌனம் தொடர் ஒலியை வெட்டிவிடும். எந்தப் பதிப்பைக் கேட்டார் என்றாவது விமர்சகர் எழுதலாமே. நட்சத்திரம் மட்டும் தாராளம்.