சேகோ ஆலைக்கு வாங்கிய சயனைடு கிட்: ஒரு பருவம் பயன்படுத்திய பிறகு

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் தண்ணீர்ப் பரிசோதனை என் பொறுப்பு. மரவள்ளிக் கிழங்கை அரைக்கும்போது அதிலுள்ள லினமாரின் என்ற சயனைடு அடங்கிய பொருள் உடைந்து சயனைடு வெளிவரும். கழுவுகிற தண்ணீரோடு கழிவுநீர்த் தொட்டிக்குப் போய்விடும். தொட்டிக்கு அந்தப் பக்கம் குடியிருப்புக் கிணறு. அதை நினைத்துத்தான், நிறம் பார்த்து அளக்கும் இந்த கிட் வேண்டும் என்று முதலாளியிடம் நானே கேட்டு வாங்கினேன்.

செய்முறை எளிது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர், கொஞ்சம் குளோரமின்-டி தூள், அப்புறம் பார்பிட்யூரிக் அமிலக் கரைசல். சயனைடு இருந்தால் சில நிமிடங்களில் கத்தரிப்பூ நிறம் ஏறும். அதை கிட்டில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறாமல் நின்ற அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அட்டைதான் சிரமம். குடிநீருக்கு நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்தக் கட்டமும் அடுத்ததும் டியூப் லைட்டில் ஒன்றுபோலவே இருக்கின்றன. வெளியே வந்து, வெள்ளைத் தாள் மேல் குழாயை நிறுத்தி, மேலிருந்து குனிந்து பார்த்தால்தான் பிரித்தறிய முடிகிறது. கழிவுநீருக்கான 0.2 வரம்பில் இந்தத் தடுமாற்றம் இல்லை.

மாதிரியை எப்படி வைத்திருப்பது என்று கிட்டோடு வந்த தாளில் ஒரு வரிகூட இல்லை. இது பெரிய குறை. ஒருநாள் மாலை பிடித்து வைத்த தண்ணீரைக் காலையில் சோதித்தேன், நிறமே வரவில்லை. அதே தொட்டியில் புதிதாக எடுத்தால் அடர் ஊதா! சயனைடு இரவோடு இரவாக ஆவியாகியிருக்கிறது. இப்போது உடனே சோதிக்க முடியாவிட்டால், தொட்டியடியிலேயே காஸ்டிக் சோடா சேர்த்து பி.எச். 12-க்கு ஏற்றிவிடுகிறேன். அதற்கும் முன்னால் லெட் அசிட்டேட் காகிதம். அழுகிய தண்ணீரின் சல்பைடு முடிவைக் கெடுக்கும். காகிதம் கறுத்தால் சல்பைடை நீக்கிய பிறகே மற்ற வேலை. மாவுக் கலங்கலையும் வடிகட்ட வேண்டும்.

கிட் காட்டுவது தனியாக இருக்கும் சயனைடை மட்டும். உடையாத லினமாரினும் இரும்போடு பிணைந்ததும் கணக்கில் வராது. மொத்த அளவுக்குக் காய்ச்சி வடித்து அளக்கும் ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அந்த அறிக்கை வர நாளாகும். மதகைத் திறக்கலாமா என்று காலையிலேயே கேட்பவர்களுக்கு இந்தக் குழாயைக் காட்டித்தான் பதில் சொல்கிறேன். அடுத்த பருவத்துக்கும் இதையே வாங்கச் சொல்லியிருக்கிறேன். வாங்குகிறவர்கள் தூள் டப்பாவை ஈரம் படாமல் வையுங்கள். ஈரம் பட்டால் சோதனையில் வரும் நிறம் வெளிறிவிடும்.