டிசைன் வேலைக்கு ஐ5 போதுமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் டிசைன் கடைக்கு சிஸ்டம் வாங்கப் போனால், இன்டெல் ப்ராசஸரில் "ஐ5 போதுமா, ஐ7 போட்டுடலாமா?" என்பதுதான் முதல் பேச்சு. கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ், விசிட்டிங் கார்டு, மாம்பழக்கூழ் டப்பாவுக்கு லேபிள் இவைதான் தினசரி வேலை என்றால், 2022 ஜனவரியில் வந்த ஐ5-12400 இன்றைக்கும் தாராளம். அதற்கு மேல் ப்ராசஸரில் போடும் பணம் இந்த வேலைகளில் கண்ணுக்கே தெரியாது.

காரணம், கோரல் டிராவும் இல்லஸ்ட்ரேட்டரும் பெரும்பாலான நேரம் ஒரே கோரை (ப்ராசஸருக்குள் இருக்கும் தனித்தனி மூளைகளில் ஒன்றை) வைத்துத்தான் ஓடுகின்றன. கனமான ஃபைலைத் திறந்து வட்டம் சுற்றும்போது டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். சிபியு எட்டு, பத்து சதவீதம்தான் காட்டும். 'ப்ராசஸர் சும்மாதானே இருக்கு' என்று தோன்றும். உண்மை அதுவல்ல. 12400-இல் 6 கோர், ஒரு கோருக்கு இரண்டு வேலைப்பாதை என்று 12 த்ரெட். ஒரு த்ரெட் மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் 8 சதவீதம்தான் வரும். இந்த இடத்தில் 24 கோர் இருந்தாலும் 23 கோர் வேடிக்கைதான் பார்க்கும். ஒரு கோரின் வேகம் மட்டுமே கணக்கு. 12400-இன் உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ், அதைவிட மலிவான ஐ3-12100-க்கு 4.3. பத்திரிகை அடிக்கும் இரண்டாவது சிஸ்டத்துக்கு அந்த ஐ3-யே போதும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அப்படியானால் ஃப்ளெக்ஸ் ஃபைல் ஏன் ஹேங் ஆகிறது? கணக்குப் போட்டால் புரியும். 20க்கு 10 அடி பேனரை அசல் அளவில் 72 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 72 புள்ளி) வைத்தால் 17,280 × 8,640 பிக்சல். அச்சுக்கான நான்கு நிற சிஎம்ஒய்கே-யில் ஒரு முழு லேயர் மட்டும் கிட்டத்தட்ட 600 எம்பி. பத்து லேயர் வந்தால் 6 ஜிபி. அன்டூ செய்வதற்காகச் சேமிக்கும் ஹிஸ்டரி அதற்கும் மேலே ஏறும். அதே பேனரை "குவாலிட்டி நல்லா இருக்கட்டும்" என்று 300 டிபிஐ-யில் திறந்தால் ஒரே லேயர் 10 ஜிபியைத் தாண்டும். பிஎஸ்டி ஃபைலாகச் சேமிக்கவும் முடியாது, அதன் எல்லை 30,000 பிக்சல். தூரத்தில் நின்று பார்க்கும் பேனருக்கு 72 போதும். 8 ஜிபி ரேமில் இந்த வேலையைச் செய்தால், எந்த ப்ராசஸராக இருந்தாலும் ரேமில் இடம் போதாமல் போட்டோஷாப் ஸ்க்ராட்ச் டிஸ்க்கில்தான் (ரேமுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும் டிஸ்க் இடம்) தவழும். ஐ7-க்கு வைத்திருந்த வித்தியாசப் பணத்தை 32 ஜிபி ரேமிலும், ஸ்க்ராட்சுக்கென்று தனி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டியிலும் போடுங்கள். அந்த மாற்றம் முதல் நாளே தெரியும்.

இன்னொரு குற்றவாளி எழுத்துரு. தமிழ் டிசைன் கடைகளில் பழைய சிடிகளில் வந்த தமிழ் ஃபாண்டுகளை மொத்தமாக இன்ஸ்டால் செய்து வைக்கும் பழக்கம் உண்டு. ஆயிரக்கணக்கில் ஏறிவிட்டால் கோரல் திறக்கவே நேரம் எடுக்கும், ஃபாண்ட் பட்டியலைத் தொட்டாலே உறையும். தினமும் பயன்படுத்தும் நாற்பது ஐம்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை ஃபோல்டரில் போட்டு வேண்டும்போது ஏற்றிக்கொள்ளலாம். செலவே இல்லாத வேகம் இது.

ஏஎம்டி-யின் ரைசன் 5 5600ஜி ப்ராசஸர் வாங்கியவர்களுக்கும் இந்த வேலைகளில் குறையில்லை. ஆனால் அதன் உள் கிராஃபிக்ஸ் ரேமிலிருந்துதான் இடம் எடுக்கும். ஒரே 16 ஜிபி குச்சி போட்டால் ரேமின் வேகம் பாதிதான். 8 ஜிபியாக இரண்டு போட வேண்டும்.

மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 12400எஃப்-இல் உள் கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. கல்யாண வீடியோ எடிட்டிங் உண்டென்றால் எஃப் இல்லாததே நல்லது. இன்றைய கேமராக்கள் தரும் எச்.265, 10 பிட், 4:2:2 ஃபுட்டேஜை 12400-இன் உள் கிராஃபிக்ஸ் நேரடியாகவே டீகோட் செய்யும், 5600ஜி செய்யாது. பிரீமியரில் டைம்லைன் தடங்கலில்லாமல் ஓடுவது இதனால்தான்.

கோர் எண்ணிக்கை உண்மையாகவே வேண்டியவர்கள் வீட்டு எலிவேஷன், இன்டீரியர் படங்களை வி-ரே மாதிரி மென்பொருளில் சிபியு ரெண்டர் எடுப்பவர்கள். அங்கே 12 கோர் ஐ7-12700 நேரத்தை நன்றாகவே குறைக்கும். ஆனால் அது முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்கும். விலை குறைந்த எச்610 மதர்போர்டில் அதைப் பூட்டினால் போர்டின் மின்பகுதி சூடேறி வேகம் இறங்கிவிடும். ஹீட்சிங்க் வைத்த பி660 அல்லது பி760 போட வேண்டும். ஓசூர் பக்கம் டூல் டிசைன் செய்பவர்களுக்கு இது பொருந்தாது. கேட் (CAD) மாடலிங் பெரும்பாலும் ஒற்றைக் கோர் வேலைதான்.

சூட்டையும் தூசியையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். கிரானைட் பட்டறைக்குப் பக்கத்துக் கடைகளில் கல்தூசு கூலர் இடுக்கில் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைக்கும். சித்திரை வெயிலில் சிஸ்டம் மந்தமானால், வைரஸ் என்று ஃபார்மேட் போடுவதற்கு முன் எச்டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) மென்பொருளில் சூட்டைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தெர்மல் பேஸ்ட்.

"ஐ7 சிஸ்டம், குறைந்த விலை" என்று செகண்ட் ஹேண்டில் வருவது பல நேரம் 2012-இன் ஐ7-3770 ஆக இருக்கும். மேலே சொன்ன ஐ3-12100 அதைச் சுலபமாக முந்தும். விண்டோஸ் 11-க்கும் அது தகுதியில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கப் போகிறவர்கள் பாக்ஸ் பீஸ்தானா என்று கேளுங்கள். பெட்டி இல்லாமல் வரும் டிரே பீஸ் கொஞ்சம் மலிவு, ஆனால் பாக்ஸுக்கு உள்ள மூன்று வருட கம்பெனி வாரண்டி அதற்கு இல்லை, விற்ற கடையைத்தான் நம்ப வேண்டும். ஜிஎஸ்டி எண் உள்ளவர்கள் அதைக் கொடுத்து ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான வரி) பில்லாகப் போட்டுத் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே பேசிவிடுங்கள். கர்நாடக சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி பில்லை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் 18 சதவீத இன்புட் (கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது.