230ஆ, 512ஆ: ஒரே பதிவு, இரண்டு அமெரிக்கச் சட்டங்கள்

அமெரிக்கத் தளம் ஒன்றில் யாரோ பதிவு போடுகிறார். எழுத்தில் உங்களைத் திருடன் என்கிறார். நீங்கள் எடுத்த படம் ஒன்றையும் கேட்காமல் ஒட்டிவிடுகிறார். இரண்டையும் எடுக்கச் சொல்லி நீங்கள் தளத்துக்கு எழுதினால் பெரும்பாலும் படம் போய்விடும், 'திருடன்' அப்படியே நிற்கும். எழுத்துக்குக் காவல் 1996இல் தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டத்தோடு வந்த 230ஆம் பிரிவு. படத்துக்கு 1998இன் டி.எம்.சி.ஏ. என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தில் உள்ள 512ஆம் பிரிவு. இரண்டுமே தளத்தைக் காப்பவைதான், ஆனால் உங்கள் கடிதம் போய்ச் சேர்ந்த நொடியிலிருந்து இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

230 எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் அதன் குணம் புரியும். கம்ப்யூசர்வ், ப்ராடிஜி இரண்டும் அந்தக் கால இணையச் சேவைகள். கம்ப்யூசர்வ் தன் பக்கங்களைச் சரிபார்க்காமலே வெளியிட்டது. நூலகம், புத்தகக்கடை போலத்தான் என்று 1991இல் நீதிமன்றம் விட்டுவிட்டது. ப்ராடிஜி கெட்ட வார்த்தைகளை வடிகட்டிப் பதிவுகளைக் கவனித்தது. அப்படியென்றால் நீ பதிப்பாளர், அவதூறுக்குப் பொறுப்பு என்று 1995இல் நியூயார்க் நீதிமன்றம் சொன்னது. பெருக்கியவனுக்கு அபராதம், குப்பையைக் கண்டும் காணாமல் இருந்தவனுக்கு விடுதலை! (அந்த வழக்கைப் போட்ட ஸ்ட்ராட்டன் ஓக்மாண்ட் நிறுவனத்தை நடத்தியவர்களே பிற்பாடு பங்கு மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் என்பது வேறு கதை.) இந்த முரணைச் சரிசெய்ய காக்ஸ், வைடன் என்ற இரு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொண்டுவந்ததுதான் 230. பிறர் எழுதியதற்குத் தளத்தைப் பதிப்பாளராகக் கருதக்கூடாது, நல்லெண்ணத்தோடு நீக்கியதற்காகவும் வழக்குப் போடக்கூடாது.

கடிதம் எழுதினாலும் பயனில்லை என்பது 1997இல் ஜெரான் வழக்கில் உறுதியானது. ஓக்லஹோமா குண்டுவெடிப்பைக் கேலிசெய்யும் டி-ஷர்ட் விற்பதாக ஏ.ஓ.எல். என்ற இணையச் சேவையில் யாரோ போலி விளம்பரம் போட்டு, ஜெரான் என்பவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு கட்டத்தில் சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒரு வசவு அழைப்பு. நிறுவனத்திடம் சொல்லியும் விளம்பரங்கள் மறுபடி மறுபடி முளைத்தன. தெரிந்தும் விட்டுவைத்தாலும் ஏ.ஓ.எல். பொறுப்பில்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 2018இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: எழுதியவர்மீது அவதூறு வழக்கில் தீர்ப்பே வாங்கியிருந்தாலும், வழக்கில் தரப்பாக இல்லாத யெல்ப் என்ற விமர்சனத் தளத்தை அந்தப் பதிவை நீக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது. எழுதியவர்மீது வழக்குப் போடுவதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை.

இந்தக் கவசத்துக்குத் தளம் எந்தப் படிவமும் நிரப்ப வேண்டாம், கட்டணமும் இல்லை. ஓட்டைகள் மூன்று முக்கியமானவை: கூட்டாட்சிக் குற்றவியல் சட்டம், அறிவுசார் சொத்து, 2018இல் சேர்ந்த பாலியல் கடத்தல் விலக்கு. இரண்டாவது ஓட்டையில்தான் 512 உட்கார்ந்திருக்கிறது.

512 சும்மா கிடைக்காது. பதிப்புரிமை மீறல் நோட்டீஸ் வந்தால் தளம் உடனே நீக்க வேண்டும். அந்த நோட்டீஸைப் பெற ஒரு முகவரை பதிப்புரிமை அலுவலகத்தில் இணையவழியே பதிய வேண்டும். கட்டணம் வெறும் 6 டாலர், ஆனால் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சிறு தளங்கள் வழுக்கி விழுவது இங்கேதான். முகவரைப் பதிவதற்கு முன் நடந்த மீறலுக்குப் பாதுகாப்பு கிடையாது. சட்டம் குறிக்கும் இழப்பீடோ ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை; வேண்டுமென்றே செய்ததென்றால் 1,50,000 வரை. திரும்பத் திரும்ப மீறுபவரின் கணக்கை மூடும் விதி இருந்தால் போதாது, அதை நடைமுறைப்படுத்தவும் வேண்டும். காக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனம் (மேலே சொன்ன உறுப்பினர் வேறு) இந்த இடத்தில்தான் 2018இல் பாதுகாப்பை இழந்தது.

நோட்டீஸில் இருக்க வேண்டியவை: கையெழுத்து (மின்வடிவம் போதும்), உங்கள் படைப்பு எது, மீறல் இருக்கும் சரியான முகவரி, உங்கள் தொடர்பு விவரம், அனுமதியில்லாத பயன்பாடு என்று நல்லெண்ணத்தோடு நம்புவதாக ஒரு வரி, தகவல் சரியானது என்று ஒரு வரி. தளத்தின் முகப்பு முகவரியை மட்டும் கொடுத்தால் நோட்டீஸ் அநேகமாகப் படுத்துவிடும்; அந்தப் பதிவின் முழு இணைப்பு வேண்டும். இன்னொரு பொதுவான பிழை, படத்தில் இருப்பவரே உரிமையாளர் என்று நினைப்பது. செல்ஃபி என்றால் உங்களுடையது. நண்பர் எடுத்தது நண்பருடையது. நோட்டீஸ் அவர் அனுப்ப வேண்டும், அல்லது அவர் சார்பில் அனுப்ப உங்களுக்கு அதிகாரம் தர வேண்டும்.

பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு உட்பட்டு நீங்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உரிமையாளர் சார்பில் பேச எனக்கு அதிகாரம் உண்டு. மீறல் நடந்தது என்ற கூற்றுக்கு அந்த அச்சுறுத்தல் இல்லை. மறுபக்கத்தில் பதிவு போட்டவர் எதிர் நோட்டீஸ் கொடுத்தால், 'தவறாக நீக்கிவிட்டார்கள்' என்ற நம்பிக்கையையே பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு உட்பட்டுச் சொல்ல வேண்டும். பெயர், முகவரியைக் கொடுத்து, அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்தையும் ஏற்க வேண்டும். சென்னையிலிருந்து சேனல் நடத்துபவர் அந்தப் பெட்டியில் டிக் போட்டால், தளம் இருக்கும் அமெரிக்க மாவட்டத்தில் தன்மீது வழக்கு வரலாம் என்று ஒப்புக்கொள்கிறார். அதன்பின் புகார் கொடுத்தவர் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பதிவு திரும்ப வரும். ஒரு தேர்தல் விவாத வீடியோவுக்கு அவ்வளவு நாள் என்பது ஒரு யுகம்.

இந்த ஏற்றத்தாழ்வால்தான் அவதூறுக் கோபத்தையும் விமர்சனத்தின் மீதான எரிச்சலையும் பதிப்புரிமை வேஷம் போட்டு அனுப்புகிறார்கள். என் பார்வையில் 230இன் பெரிய குறை அது தளங்களுக்குத் தரும் சலுகை அல்ல, அது ஆட்களை 512 பக்கம் தள்ளுவது. 512(எஃப்) பிரிவின்கீழ், தெரிந்தே பொய் சொன்னவரிடம் இழப்பீடு கேட்கலாம். பாடகர் பிரின்ஸின் பாட்டுக்குக் குழந்தை ஆடும் 29 விநாடி வீடியோ வழக்கில், நியாயப் பயன்பாட்டை (அனுமதியில்லாமலே சட்டம் ஏற்கும் பயன்பாடு) யோசித்த பிறகே நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2015இல் தீர்ப்பும் வந்தது. ஆனால் மனதார நம்பினேன் என்று சொல்லிவிட்டால் தப்பிக்கலாம் என்பதால் பல் அவ்வளவு கூர்மையில்லை.

வணிகச்சின்னம் பற்றிய புகாருக்கு இந்த இரண்டும் பொருந்தாது. சம்மதமில்லாமல் பரப்பிய அந்தரங்கப் படம் என்றால் 2025 மே 19 அன்று கையெழுத்தான டேக் இட் டவுன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஏ.ஐ. போலிப் படங்களும் அதற்குள் வரும், படத்தை எடுத்தது யார் என்ற கேள்வியும் எழாது. முறையான கோரிக்கை வந்து 48 மணி நேரத்துக்குள் தளம் நீக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டைச் செய்துகொள்ளத் தளங்களுக்கு ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. 512இல் இருக்கும் எதிர் நோட்டீஸ் மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை.