ஸ்வால்பார்ட் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டப்போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையிலும் கோவையிலும் சில டிராவல் ஏஜென்ட்கள் "வட துருவக் கப்பல் பயணம்" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது ஸ்வால்பார்ட் தீவுகளுக்குத்தான். வட துருவத்துக்கும் நார்வே நாட்டுக்கும் நடுவில் இருக்கும் தீவுக்கூட்டம். 2025 ஜூலையில் அப்பா, அம்மாவோடு போய்வந்தேன். இடத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அந்தப் பயணத்தை எங்களுக்கு விற்றவர் ஏமாற்றிவிட்டார். அதே விளம்பரத்தில் வருடத்தை மட்டும் மாற்றி அவர் மறுபடி ஆள் சேர்க்கிறார் என்று தெரிந்ததும், இனி சும்மா இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

அப்பா கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஸ்வால்பார்டில் நி-ஓலெசுன் என்ற ஊரில் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008-ல் திறக்கப்பட்டதிலிருந்தே அவருக்கு அந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஏஜென்ட் காட்டிய திட்டம் அதற்கு மேலேயே இருந்தது. ஏறக்குறைய 100 பேர் மட்டும் போகும் சின்னக் கப்பல். லாங்இயர்பியன் ஊரிலிருந்து கிளம்பி மேற்குக் கரையோரமாக வடக்கே ஏறி, மக்தலேனா ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்), மொனாக்கோ பனியாறு, அப்புறம் ஹின்லோபன் நீரிணைக்குள் நுழைந்து, லட்சக்கணக்கில் கடற்பறவைகள் கூடு கட்டும் ஆல்கெஃப்யெல்லெ பாறைச்சுவர் வரை. தினமும் ரப்பர் படகில் கரை இறங்கலாம், பனிக்கரடியை 50 மீட்டரில் பார்க்கலாம் என்றார். தலைக்கு 6.5 லட்சம் ரூபாய், விமான டிக்கெட் தனி. 2024 அக்டோபரில் முன்பணம் கட்டினோம்.

அந்த 50 மீட்டர் என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஸ்வால்பார்டில் 2025 ஜனவரி 1 முதல் புதிய சுற்றுச்சூழல் விதிகள் அமலில் இருக்கின்றன. பனிக்கரடிக்கு 300 மீட்டருக்குள் யாரும் நெருங்கக் கூடாது. மார்ச் முதல் ஜூன் முடியும்வரை அதுவே 500 மீட்டர். தீவுகளின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாதுகாக்கப்பட்ட பகுதி. அதற்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போக முடியாது. போகும் கப்பலும் குறித்துக் கொடுத்த 43 இடங்களில்தான் ஆட்களைக் கரை இறக்கலாம். இந்த விதிகளை நார்வே அரசு 2024 தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டது. எங்களிடம் அக்டோபரில் பணம் வாங்கியவர், இந்தத் தொழிலில் இருப்பவர், இது தெரியாமல் விற்றார் என்று நான் நம்பவில்லை. விதிகள் நியாயமானவை என்பதுதான் என் கருத்து. இன்னும் கடுமையாக வைத்திருந்தாலும் சரிதான் என்பேன். நடக்கவே முடியாத ஒன்றைச் சொல்லிக் காசு வாங்குவதுதான் அநியாயம்.

விளம்பரத்தில் வானம் முழுக்கப் பச்சையாக வடமுனை ஒளியும் இருக்கும். பயணத் தேதி ஜூலை. ஸ்வால்பார்டில் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை சூரியன் மறைவதே கிடையாது. ராத்திரி 12 மணிக்கும் வெயில் அடிக்கிற இடத்தில் அந்த ஒளி எப்படித் தெரியும்? கோடைப் பயண விளம்பரத்தில் அந்தப் படத்தைப் பார்த்தால் மற்ற வாக்குறுதிகளையும் அதே கண்ணோடு பாருங்கள்.

அடுத்தது விசா. இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன், நார்வே அதில் உண்டு. ஆனால் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்குள் சேராது. ஆஸ்லோவிலிருந்து லாங்இயர்பியனுக்கு விமானம் ஏறும்போதே ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி ஆஸ்லோ வந்தால் அது இரண்டாவது நுழைவு. ஏஜென்ட் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நுழைவுக்குத்தான் விண்ணப்பம் போட்டிருந்தார். பாஸ்போர்ட் வந்ததும் ஸ்டிக்கரைப் பார்த்தால், நுழைவு எண்ணிக்கை இருக்கும் இடத்தில் "01" என்று இருக்கிறது. போன் செய்தேன். "மேடம், எல்லாம் ஒரே நார்வேதான். யாரும் கேட்க மாட்டாங்க" என்றார். நார்வே அரசின் தளத்தில் இரட்டை நுழைவு விசா வேண்டும் என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை அனுப்பிய பிறகும் அவர் அசையவில்லை. கடைசியில் நாங்களே மறுபடி விண்ணப்பித்து, மறுபடி கட்டணம் கட்டி, பல நுழைவுக்கு விசா வாங்கினோம். வாங்காமல் போயிருந்தால், எழுபதைத் தொடும் அப்பாவும் அம்மாவும் திரும்பும் வழியில் ஆஸ்லோ விமான நிலையத்தில் அதிகாரிகள் முன்னால் நின்றிருப்பார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

சரி, விசா முடிந்தது, இனி நிம்மதி என்று இருந்தோம். புறப்படச் சில வாரங்களே இருந்தபோது ஏஜென்டிடமிருந்து குரல் செய்தி வந்தது: "மேடம், நல்ல செய்தி. அந்தச் சின்னக் கப்பல் டெக்னிக்கல் காரணத்தால கேன்சல். உங்களுக்குப் பெரிய கப்பல்ல அப்கிரேடு வாங்கிட்டோம். ஒரு ரூபாகூட கூடுதலாத் தர வேண்டாம்." பெரிய கப்பலின் பெயரைத் தேடிப் பார்த்தேன். 300 பேருக்கு மேல் போகும் கப்பல். அப்படியானால் ஹின்லோபனும் இல்லை, மொனாக்கோ பனியாறும் இல்லை. வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, "இதே தரத்திலான வேறு கப்பலுக்கு மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு" என்ற விதியைக் காட்டினார். இந்த நேரத்தில் ரத்து செய்தால் பைசா திரும்பாது என்றார். விமான டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அப்பா, "ஹிமாத்ரியைப் பார்த்தாப் போதும், போயிட்டு வந்துடலாம்" என்று சொல்லிவிட்டார்.

போனோம். இஸ்ஃபியோர்டு, காங்ஸ்ஃபியோர்டு இரண்டையும் சுற்றியே பயணம் முடிந்தது. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லை எங்கே தொடங்குகிறது என்று கப்பலின் வழிகாட்டிப் பெண் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். எங்கள் கையில் இருந்த திட்டத்தில் எழுதியிருந்த இடங்களில் முக்கியமானவை எல்லாம் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருந்தன. அவருக்கே வருத்தமாகிவிட்டது. கப்பலில் வேலை பார்த்த யாரையும் நான் குறை சொல்லவில்லை. துப்பாக்கியோடு முன்னால் போய்க் கரடி நடமாட்டம் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் எங்களைக் கரை இறக்கினார்கள். அம்மாவைப் படகிலிருந்து இறக்கும்போது இரண்டு பேர் தண்ணீருக்குள் நின்று முழங்கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் 300 பேரைக் குழு குழுவாகப் பிரித்துத்தான் இறக்க முடியும். ஒரு குழு திரும்பினால்தான் அடுத்த குழு. கரையில் நின்ற நேரத்தைவிட, உடுப்பெல்லாம் மாட்டிக்கொண்டு வியர்த்தபடி கப்பலின் நடைபாதையில் காத்திருந்த நேரம் அதிகம்.

கரடி ஒன்றைப் பார்த்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். மேல்தளத்தில் தொலைநோக்கியை நிறுத்தி வரிசையில் வரச் சொன்னார்கள். கரையில் கறுப்புக் கற்களுக்கு நடுவே வெண்ணெய் நிறத்தில் ஒரு புள்ளி. அது தலையைத் தூக்கியபோதுதான் கரடி என்று தெரிந்தது. அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "அது பாட்டுக்கு இருக்கட்டும்டி, நம்ம எதுக்குக் கிட்டப் போய்த் தொந்தரவு பண்ணணும்" என்றார். முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தாலும் நாங்கள் இதற்குச் சந்தோஷமாகப் பணம் கட்டியிருப்போம்.

நி-ஓலெசுனில் ரேடியோ வானியல் கருவிகள் இருப்பதால் கரை இறங்கும் முன்பே செல்போனின் வைஃபை, புளூடூத் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார்கள். ஹிமாத்ரியை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். அப்பா அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். 1926-ல் துருவப் பயணி அமுண்ட்சென் குழுவினரின் வான்கப்பலைக் கட்டி வைத்திருந்த இரும்புக் கோபுரம் அங்கேதான் இன்னும் நிற்கிறது. பயணத்தில் விளம்பரத்தில் சொன்னபடியே நடந்தது இந்த ஒரு நாள்தான்.

சாப்பாட்டையும் குறிப்பிட வேண்டும். அம்மா சுத்த சைவம் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். அப்படி ஒரு தகவலே கப்பலுக்கு வரவில்லை. சமையல்காரர் தன்னால் முடிந்ததைச் செய்து கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் முழு விஷயமும் தெரிந்தது. அந்தச் சின்னக் கப்பலை நடத்தும் நிறுவனத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். இரண்டே நாளில் பதில் வந்தது. அந்தப் பயணம் ரத்தாகவே இல்லை, குறித்த தேதியில் கிளம்பிப் போய்த் திரும்பியிருக்கிறது. எங்கள் மூன்று பேர் பெயரில் எந்தக் காலத்திலும் முன்பதிவு இருந்ததில்லை. அக்டோபரில் வாங்கிய பணத்தை ஏஜென்ட் தன்னிடமே வைத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் விலை குறைந்த கப்பலில் எங்களை ஏற்றியிருக்கிறார். நாங்கள் போன அறையின் விலை, அந்தக் கப்பலின் சொந்தத் தளத்தில், நாங்கள் கட்டியதில் பாதியைத்தான் கொஞ்சம் தாண்டியது. அதைத்தான் "அப்கிரேடு" என்றார்.

இன்னொன்று. வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்கு ஏஜென்ட் டிசிஎஸ் (விற்பவரே வசூலிக்கும் வருமான வரி) பிடித்து நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். எங்களிடமும் பிடித்தார், ரசீதிலும் இருக்கிறது. நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தால் அப்படி ஒரு வரவே இல்லை. வரிக் கணக்கில் திரும்பக் கிடைத்திருக்க வேண்டிய பணம் அது.

அதனால் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: ஏஜென்ட் கொடுக்கும் ரசீது போதாது. கப்பல் நிறுவனம் கொடுத்த முன்பதிவு எண்ணை வாங்குங்கள். அந்த எண்ணை நிறுவனத்துக்கே அனுப்பி, உங்கள் பெயர், தேதி, அறை மூன்றும் சரியா என்று கேளுங்கள். அது வரும்வரை மீதிப் பணம் கட்டாதீர்கள். கப்பலில் எத்தனை பயணிகள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 200-க்கு மேல் என்றால் திட்டத்தில் ஹின்லோபன், மொனாக்கோ என்று எழுதியிருப்பதற்கு அர்த்தமே இல்லை. ஆர்க்டிக்கில் கப்பல் நடத்துபவர்களுக்கு 2003 முதல் ஏஇசிஓ என்று ஒரு சங்கம் இருக்கிறது. அதன் உறுப்பினர் பட்டியல் இணையத்திலேயே கிடைக்கிறது, கப்பல் நிறுவனத்தை அதில் தேடிப் பாருங்கள். பனி, காற்று, கரடி இவற்றால் திட்டம் மாறுவது சகஜம், அதற்கு யாரிடமும் சண்டை போட முடியாது. கப்பலே மாறினால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஏற்கனவே பணம் கட்டிவிட்டவர்கள் இன்றே அந்த முன்பதிவு எண்ணைக் கேளுங்கள். விசா ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கையைப் பாருங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாங்கள் கோவையில் போட்டிருக்கிறோம். வழக்கில் எங்களுக்குப் பெரிய பலமாக இருப்பது கப்பல் நிறுவனத்தின் பதில் கடிதமும், "கேன்சல்" என்று ஏஜென்ட் அனுப்பிய குரல் செய்தியும்தான். இதே ஆளிடம் போய்வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவருடைய செய்திகளை, எவ்வளவு கோபம் இருந்தாலும், அழித்துவிடாதீர்கள்.