வழி தவறி நடக்க ஒரு திசைகாட்டி

புதிய ஊர்களில் கைப்பேசி வரைபடத்தை அணைத்துவிட்டு, ஒளி ஊடுருவும் அடித்தட்டு கொண்ட எளிய காந்தத் திசைகாட்டி ஒன்றை மட்டும் நம்பி நடப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். காட்டிலும் மலையிலும் நடப்பவர்களுக்காகச் செய்யப்படும் கருவிதான் என்றாலும், தெரிந்தே வழி தவறித் திரிய விரும்புபவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

இது திசையை மட்டும் சொல்லும். எந்தத் தெருவில் திரும்புவது என்பதை நம்மிடமே விட்டுவிடும். கிளம்பும்போது ஆறோ, ரயில் பாதையோ, பெரிய சாலையோ எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். அதன்பின் எத்தனை சந்துகளில் புகுந்து புறப்பட்டாலும், அந்தப் பக்கமாகவே நடந்தால் தெரிந்த இடத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். பயம் விலகியதும் கண் விழித்துக்கொள்கிறது. படிக்கட்டில் போய் முடியும் தெரு, நின்றுபோன கடிகாரம், பாதிச் சுவரில் மட்டும் விழும் வெயில் என எல்லாமே திரும்பி வருவதற்கான அடையாளங்களாக மனத்தில் பதிகின்றன. லண்டனின் சோஹோ பகுதித் தெருக்களைப் படமாகக் காட்டி நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது: வழியைத் தாமே தேடியபோது, புதிய தெருவுக்குள் நுழையும் கணத்தில் நினைவுக்கும் வழியறிவதற்கும் உதவும், மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் செயல்பாடு எழுந்தது, கருவி சொன்ன வழியில் போனபோது அது எழவில்லை.

முள் திரவத்தில் மிதப்பதால் அலைபாயாமல் விரைவில் நிலைகொள்கிறது. அடித்தட்டின் அம்பைப் போக வேண்டிய திசைக்கு நேராகப் பிடித்து, 360 பாகை குறித்த வளையத்தைத் திருப்பி, அதிலுள்ள அம்புக்குறிக்குள் முள்ளின் வடக்கைக் காட்டும் சிவப்பு முனை அடங்குமாறு செய்துவிட்டால் அந்தத் திசை கருவியிலேயே பதிந்துவிடும். திரும்பி வரும்போது, வளையத்தைத் தொடாமல், சிவப்பு முனைக்குப் பதிலாக மறுமுனையை அதே குறிக்குள் கொண்டுவந்தால் எதிர்த்திசை கிடைத்துவிடுகிறது. இந்த எளிமைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மின்கலமும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.

குறைகளும் உண்டு. இரும்புப் பாலத்திலும் வாகனங்களுக்கு அருகிலும் முள் விலகும்; கைப்பேசியோடு ஒரே பையில் போட்டுவைத்தால் அதிலுள்ள காந்தம் முள்ளின் துருவங்களையே மாற்றிவிடக்கூடும். வட அரைக்கோளத்துக்கெனச் சமன்செய்த முள், தென் அரைக்கோளத்தின் தொலைவான பகுதிகளில் ஒருபுறம் சாய்ந்து உரசும் என்பதால், கடல் கடந்து போகிறவர்கள் உலகெங்கும் இயங்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். முள் காட்டும் காந்த வடக்குக்கும் புவியின் வட துருவம் இருக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலான நகரங்களில் நடப்பவருக்குத் தொல்லை தராது; காட்டுக்குள் போகிறவர் வரைபடம் இல்லாமல் இதை மட்டும் நம்பக் கூடாது. ரயிலைப் பிடிக்க வேண்டிய நாளில் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

குறிபார்க்க உதவும் முகக்கண்ணாடி, சரிவின் கோணத்தை அளக்கும் சரிவுமானி போன்ற கூடுதல் வசதிகள் நகரத்துக்குத் தேவையில்லை. கழுத்தில் மாட்டும் கயிறு மட்டும் கட்டாயம் வேண்டும், ஏனெனில் பைக்குள் கிடந்தால் எடுக்கச் சோம்பல்பட்டுக் கை கைப்பேசிக்கே போய்விடும்.