வெள்ளத்தில் நனைந்த காருக்கு ஒரு ஸ்ப்ரே டப்பாவும் ஒரு மஞ்சள் மீட்டரும்

வெள்ளத்தில் நனைந்த காரைச் சரிசெய்ய இரண்டு பொருள் வாங்கினேன். முதலாவது, மின் இணைப்புகளைக் கழுவும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, அரை லிட்டர், அப்போது நானூறு ரூபாய் சொச்சம். இரண்டாவது, சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் 280 ரூபாய்க்கு வாங்கிய மல்டிமீட்டர், கரண்ட்டும் வோல்டேஜும் அளக்கிற கருவி. முகப்பில் டிடி-830டி என்று போட்டிருக்கும்; அந்தத் தெருவில் மலிவான மீட்டர் கேட்டால் இதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் எங்கள் கார் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. உள்ளே சீட்டின் அடிவரை தண்ணீர். வடிந்ததும் சாவியைத் தொடாமல், பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றினேன். பள்ளியில் இருபது வருஷமாக இயற்பியல் நடத்துகிறேன். ஈரத்தில் மின்சாரம் ஓடினால் செம்பு என்ன கதி ஆகும் என்று தெரியும். ஆனால் அந்த இரண்டு நாளும் பேட்டரி இணைப்பிலேயேதான் இருந்தது. அரிப்பு அப்போதே தொடங்கிவிட்டிருக்கிறது.

எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று மெக்கானிக் பார்த்துச் சொல்லிவிட்டார். ஒயரிங்தான் படுத்தியது. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு லாக் தானாக டக் டக்கென்று அடிக்கும். மூன்று நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி செத்துப்போகும். ஒரு சர்வீஸ் சென்டரில் காரைப் பார்க்காமலே, போனிலேயே, "ஒயரிங் மொத்தமும் மாத்தணும் மேடம்" என்றார்கள். சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன்.

ஸ்ப்ரேயின் நல்ல குணம், அடித்த சில நிமிஷத்தில் ஆவியாகிவிடும், பிசுக்கு எதையும் விட்டு வைக்காது. சேறு படிந்த பியூஸ் பெட்டியை அது நன்றாகவே கழுவியது. கெட்ட குணங்களும் உண்டு. மெல்லிய குழல் கழன்று சீட்டுக்கடியில் ஓடிவிடும்; இரண்டு தடவை தேடி எடுத்தேன். சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு, அதனால் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பேட்டரியை இணைக்க வேண்டும். நான்கு கதவையும் திறந்து வைத்தும் எனக்குத் தலைவலி வந்தது. சீட்டுக்கடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் இருந்தால் அவை ஏர்பேக்குக்குப் போகிறவை. நான் கை வைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள்.

ஸ்ப்ரே அடித்து முடித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. இரண்டே நாள். மறுபடியும் ராத்திரி டக் டக். "பேய் கீய் பிடிச்சிருக்கும், விடு" என்றார் வீட்டுக்காரர்.

அப்புறம்தான் மீட்டரை எடுத்தேன். கழற்றிய மைனஸ் ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் 10 ஆம்பியர் அளவில் மீட்டரை வைத்தால், நிற்கும் கார் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று தெரியும். முதலில் ஒன்றரை ஆம்பியர் காட்டியது, பதறிவிட்டேன். கதவு திறந்திருந்ததால் ரூம் லைட் எரிந்துகொண்டிருந்திருக்கிறது! கதவின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி, மூடியதுபோல் காரை ஏமாற்றி, அரை மணி நேரம் காத்திருந்தேன். 0.41 ஆம்பியர். நல்ல காரில் இது 0.05க்குள் இருக்க வேண்டும். என்னுடையது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. வகுத்துப் பாருங்கள், சுமார் மூன்றரை நாளில் காலி. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒன்பதாவதைப் பிடுங்கியதும் 0.03க்கு இறங்கியது. கதவு லாக்குக்கும் ரூம் லைட்டுக்கும் போகிற பியூஸ். ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதும்போது வராத சந்தோஷம் அன்றைக்கு வந்தது.

அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், டிரைவர் பக்கப் படிக்கட்டுப் பிளாஸ்டிக்குக்குக் கீழே ஒரு கனெக்டர், உள்ளே பச்சைக் களிம்பு. மேலே கார்ப்பெட் காய்ந்துதான் இருந்தது. அதன் அடியில் இருக்கும் பஞ்சைப் பிழிந்தால் ஒரு சொம்புத் தண்ணீர்! அதைத் தூக்கி வெயிலில் போடாமல் நான் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்ப அடித்தும் பார்த்தேன், களிம்பு அசையவில்லை. தெருமுனை ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "டீச்சர், ஸ்ப்ரே அடிச்சா தண்ணி போவும், பச்சை போவாது" என்றார். கனெக்டரை வெட்டி எறிந்து, நான்கு ஒயரையும் பற்றவைத்து, சுருங்கும் ஸ்லீவ் போட்டு, 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். இடத்தை நானே காட்டிவிட்டதால் அரை மணியில் முடிந்தது.

மீட்டரிலும் ஒரு குறை இருக்கிறது, கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. 10 ஆம்பியர் துளைக்குள் பியூஸ் கிடையாது. சிவப்பு ஒயரை அதிலேயே விட்டுவிட்டு, மறதியாகப் பேட்டரியின் வோல்டேஜ் பார்க்கப் போனேன். பொறி பறந்து ஊசிமுனை கருகிவிட்டது. மீட்டர் வைத்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தாலும் இதே கதைதான், இன்னும் மோசமாக.

ஐந்துக்கு மீட்டருக்கு நான்கு, ஸ்ப்ரேக்கு இரண்டரை. டப்பா பாதி மிச்சம் இருக்கிறது. போன வாரம் மிக்சி சுவிட்சுக்கு அடித்தேன், இதுவரை ஓடுகிறது.