அகச்சிவப்பைப் பிடிக்க எர்பியமா, குவாண்டம் புள்ளியா?

சிலிக்கான் சோலார் பேனல் 1,100 நானோமீட்டர் அலைநீளம் வரையிலான ஒளியைத்தான் மின்சாரமாக்கும். அதற்கு அப்பால் உள்ள அகச்சிவப்பு, வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, வீணாகிறது. அகச்சிவப்பின் வலுக்குறைந்த இரண்டு ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) சேர்த்து வலுவான ஒன்றாக்கினால் அதில் கொஞ்சம் மீட்கலாம்.

இட்டெர்பியம், எர்பியம் என்ற அருமண் உலோகங்கள் கலந்த சோடியம் இட்ரியம் ஃப்ளோரைடு நானோதுகள் இதில் பழைய கை. 980 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சினால், கண்ணுக்குத் தெரியாத கற்றை போகும் வழி மட்டும் கரைசலுக்குள் பச்சைக் கோடாக எரியும். பார்க்க அத்தனை அழகு! ஆனால் 980ஐ சிலிக்கானே உறிஞ்சிவிடும். அதற்குத் தேவை எர்பியம் மட்டும் கலந்த வகை: 1,523 நானோமீட்டரை வாங்கி 980ஆகத் திருப்பித் தரும். பொருத்தம் கச்சிதம்தான். வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. எர்பியம் உறிஞ்சும் பட்டை குறுகல், உறிஞ்சும் அளவும் சொற்பம். போதாக்குறைக்கு, மங்கலான ஒளியில் வெளிச்சம் பாதியானால் பலன் கால்வாசியாகிவிடும். லேசரில் ஜொலிப்பது வெயிலில் சோர்ந்துபோகிறது.

காரீய சல்ஃபைடு குவாண்டம் புள்ளியோடு (சில நானோமீட்டரே அளவுள்ள குறைக்கடத்தித் துகள்) ருப்ரீன் என்ற கரிமச் சேர்மம் சேர்ந்த ஜோடி வேறு மாதிரி. புள்ளி அகன்ற பட்டையில் ஒளியை உறிஞ்சி, ஆற்றலை ருப்ரீனுக்குக் கைமாற்றும். ருப்ரீன் அதை மைக்ரோவினாடிகள் வரை இழக்காமல் வைத்திருக்கும். அதற்குள் ஆற்றல் பெற்ற இன்னொரு ருப்ரீன் எதிர்ப்பட்டால், இரண்டின் ஆற்றலும் ஒன்றிடம் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் ஒளியாகும். இந்தக் காத்திருப்புதான் அதன் பலம்; லேசர் அளவுக்குச் செறிந்த ஒளி தேவையில்லை. 2023இல் வேதியியல் நோபல் பெற்ற பாவெண்டியும் பங்கேற்ற, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு, 2016இல் இதை மெல்லிய திடப் படலமாகவே செய்து காட்டியது.

ஆனால் ருப்ரீன் ஏற்கும் ஆற்றல் குறைந்தது 1.14 எலக்ட்ரான் வோல்ட் (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு). சிலிக்கானின் எல்லை 1.12. அதைவிட வலுக்குறைந்த ஒளியைத்தான் சிலிக்கான் விட்டுவிடுகிறது; அது ருப்ரீனுக்கும் போதாது. 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்தச் சுவரைத் தாண்டினார்கள்: வழக்கமாக இந்த வினையைக் கெடுக்கும் ஆக்சிஜனையே தூதாக்கி, ஆற்றலை வயலாந்த்ரோன் என்ற சாயத்திடம் சேர்த்தார்கள். அற்புதமான யோசனை. பேனலுக்கு வர இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

ஆகவே சிலிக்கானுக்கு இன்றைய நிலையில் இரண்டையுமே நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒளியை மாற்றும் சுற்றுவழி எதற்கு? காரீய சல்ஃபைடு புள்ளிகளையே அகச்சிவப்பு மின்கலமாக்கிப் பின்னால் வைப்பது நேர்வழி. 800 நானோமீட்டரோடு நின்றுவிடும் பெராவ்ஸ்கைட் என்ற புதிய வகை சோலார் பொருளுக்கு என் ஓட்டு ருப்ரீன் ஜோடிக்குத்தான். அங்கே தீர வேண்டிய சிக்கல் படலத்தின் தடிமன்: புள்ளிகளை அடுக்கினால் ஆற்றல் ருப்ரீனை எட்டுவதில்லை, அடுக்காவிட்டால் போதிய ஒளி சிக்குவதில்லை.